ஒட்டு போட்டே ஓட்டலாம்னு சொல்ற புண்ணியவான்களுக்கு...

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. கார் வச்சிருக்கறவங்க மட்டும் படிக்கற மேட்டர்னு நினைச்சு ஓடிடாதீங்க. சொல்லப்போனா டூ வீலர்ல போறவங்கதான் முதல்ல படிக்கணும். ஏன்னு பாதியில தெரியும்.

நம்மகிட்ட ஒரு பழைய டீசல் கார் இருக்கறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். 1999 மாடல். அப்பா தூத்துக்குடியில வேலை பாத்தப்ப வாங்கினது. முதல் ஏழு வருஷம் உப்பளத்து ரோட்டுலயே ஓடுச்சு. அப்புறம் சென்னை. 2015 டிசம்பர் வெள்ளத்துல வேளச்சேரியில ரெண்டு நாள் கதவு வரைக்கும் தண்ணியில நின்னுச்சு. அப்பா இப்ப இல்ல. கார் இருக்கு. விக்க மனசு வரல, அவ்ளோதான். எந்தக் கம்பெனி கார்னு சொல்லப்போறதில்ல. ஏன்னா இதுல கம்பெனி மேல ஒரு தப்பும் இல்ல. இரும்பும் உப்பும் தண்ணியும் சேர்ந்தா என்ன ஆகும்னு எட்டாம் கிளாஸ் பையனைக் கேட்டாக்கூட சொல்லுவான்.

2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சுது வினை. காலையில வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். செல்ஃப் எடுக்கும், எடுக்கும், எடுத்துக்கிட்டே இருக்கும். பத்துப் பதினஞ்சு செகண்டு சுத்தினப்புறம் இருமிக்கிட்டே கிளம்பும். ஒரு தடவை கிளம்பிட்டா அன்னிக்கு முழுக்க சொன்ன பேச்சு கேக்கும். மறுநாள் காலையில மறுபடி அதே கூத்து.

முதல் பட்டறையில ஹீட்டர் ப்ளக்னு சொன்னாங்க. நாலும் மாத்தியாச்சு, 2,800 ரூபா. சரியாகல. அப்புறம் பேட்டரி. அது 5,500. பழசுதான், போகட்டும்னு வச்சுக்கலாம். அதுலயும் சரியாகல. ரெண்டாவது பட்டறையில "பம்ப் வீக் சார், கழட்டி காலிபரேஷன் குடுக்கணும்"னாங்க. குடுத்தோம். 9,000. ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி!

ஆக மொத்தம் 17,300 ரூபா. இத்தனைக்கும் ஒருத்தராவது கீழ படுத்து டேங்க்ல இருந்து எஞ்சினுக்கு வர்ற பைப்பைப் பாத்தாங்களான்னா, இல்ல. மூணாவதா ஒரு பெரியவர், ரோட்டோர மெக்கானிக், அவர்தான் பாத்தார். அவர் செஞ்ச வேலை இருக்கே, அதை எழுதியே ஆகணும்.

ஒரு காலி பெயின்ட் டப்பாவை நல்லா துடைச்சு ரெண்டு லிட்டர் டீசல் ஊத்தினார். டேங்க்ல இருந்து வர்ற பைப்பை ஃபில்டர்கிட்ட கழட்டிட்டு, அதுக்குப் பதிலா ரெண்டடி ஓஸ் ஒண்ணை மாட்டி டப்பாவுக்குள்ள விட்டார். ஏர் எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணினார். அப்படியே ராத்திரி முழுக்க விடச் சொன்னார். மறுநாள் காலையில சாவியத் திருப்பினதும் கிளம்புச்சு பாருங்க வண்டி, அப்பா ஓட்டின காலத்துல கிளம்பின மாதிரி!

"சார், பம்ப் நல்லாருக்கு, ப்ளக் நல்லாருக்கு. ஃபில்டருக்குப் பின்னாடிதான் எங்கயோ காத்து இழுக்குது"ன்னார். செலவு: ஒரு டீ, ரெண்டு மசால் வடை.

சரி, இப்ப திட்டற மேட்டருக்கு வருவோம். இந்த அஞ்சு மாசத்துல எனக்கு இலவச ஆலோசனை சொன்ன பட்டறைக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள், மாமா, சித்தப்பா எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்.

"டீசல் கீழ சொட்டலையே, அப்ப பைப்புல எங்க ஓட்டை?"

எளநீர்ல ஸ்ட்ரா போட்டு உறியறீங்க. ஸ்ட்ரா நடுவுல சின்ன ஓட்டை. எளநீர் வெளிய கொட்டுமா? கொட்டாது. வாய்க்கு காத்துதான் வரும். என் கார் மாதிரி பழைய டீசல் வண்டிங்கள்ல எஞ்சின் பக்கம் இருக்கற பம்ப்தான் டேங்க்ல இருந்து டீசலை உறியுது. அதனால அந்தப் பைப்புல ஊசிமுனை ஓட்டை விழுந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். வண்டிய நிறுத்தினப்புறம் அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து, பைப்புல நிக்கற டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிடும். காலையில பம்ப் காலி பைப்பை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கும். செல்ஃப் கதறும்.

அதாவது துரு பிடிச்ச பைப் முதல்ல சொல்ற அறிகுறி சொட்டு இல்ல, காலையில அடம். ஃபில்டர்ல இருந்து பம்ப்புக்குப் போற இடத்துல ஒரு சாண் தெரியற மாதிரி டிரான்ஸ்பரன்ட் ஓஸ் மாட்டிப் பாருங்க. குமிழ் குமிழா ஓடினா காத்து வருதுன்னு அர்த்தம். இதுக்கு கம்ப்யூட்டர் வேணாம், ஸ்கேனர் வேணாம், கண்ணு போதும். (டேங்குக்குள்ளயே எலக்ட்ரிக் பம்ப் இருக்கற வண்டிகள்ல கதை வேற. அங்க பைப்புல பிரஷர் இருக்கும், ஓட்டை விழுந்தா வெளியதான் பீய்ச்சும்.)

"பெட்ரோலா என்ன, டீசல்தானே! பத்திக்காது"

இதைச் சொன்ன அத்தனை பேர் வாயிலயும் பினாயில் ஊத்தணும். தீக்குச்சிய டீசல்ல போட்டா அணைஞ்சிடும்னு எவனோ செஞ்சு காட்டினதைப் பாத்துட்டு வர்ற பேச்சு இது. நம்ம நாட்டு டீசலுக்கான ஐ.எஸ்.1460 தரத்துல, டீசல்ல இருந்து கிளம்பற ஆவி தீப்பிடிக்கற வெப்பநிலை குறைஞ்சபட்சம் 35 டிகிரி இருந்தா போதும். சென்னையில மே மாசம் 35 டிகிரிங்கறது காலை பத்து மணி வெயில் சாமி!

அது நெருப்பு பக்கத்துல இருந்தா. நெருப்பே இல்லாம, சூடான இரும்புல பட்டே தானா பத்திக்கற வெப்பநிலைன்னு ஒண்ணு இருக்கு. டீசலுக்கு அது சுமார் 210 டிகிரி. இந்த ஒரு விஷயத்துல பெட்ரோலைவிட டீசல்தான் சீக்கிரம் பத்தும். அப்படிப் பத்தறதாலதான் டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது! ஆள் ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 210-ஐத் தாண்டி எங்கயோ போயிருக்கும். அது மேல ஒரு பைப் கசிஞ்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

"அழுகின இடத்தை வெட்டிட்டு ரப்பர் ஓஸ் போட்டு கிளாம்ப் அடி, முடிஞ்சுது"

இதைத்தான் நான் செஞ்சேன். ஆமா, நானேதான். பெரியவர் முழு பைப்பையும் மாத்தணும்னு சொன்னார். எனக்கு ஏற்கெனவே 17,300 போன கடுப்பு. "அண்ணே, இப்போதைக்கு ஓட்டற மாதிரி ஏதாவது பண்ணுங்க"ன்னேன். அவர் முகத்தைச் சுளிச்சார். "பண்ண மாட்டேன் சார்"னார். நான் வேற பட்டறைக்குப் போய் 250 ரூபாய்க்கு பின் ஆக்ஸில் வளைவுகிட்ட ஒரு முழம் ஓஸ் போட்டுக்கிட்டு ஜம்பமா வந்தேன். மேல கறுப்பு பெயின்ட் வேற அடிச்சுக் குடுத்தாங்க, பளபளன்னு.

இந்த ஒட்டு ஏன் நிக்காதுன்னு இப்ப சொல்றேன். ஓஸ் பிடிக்கறதுக்கு பைப் முனையில வழவழன்னு இருக்கணும், ஒரு சின்ன வரப்பு மாதிரி வீங்கின வளையமும் இருக்கணும். துரு அரிச்ச பைப்போ அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியா இருக்கு. கிளாம்ப்பை எவ்ளோ இறுக்கினாலும் குழி வழியா காத்து போகும். இன்னும் இறுக்கினா பைப்பே நசுங்கும். அதுவும் போக, துரு என்ன ஒரு முழத்தோட எல்லைக்கல் நட்டு நிக்குமா? அந்த ஒரு இடம் ஓட்டையாச்சுன்னா, அதே வயசு, அதே உப்பு, அதே சேறு பட்ட மிச்சப் பைப்பும் க்யூவுல நிக்குதுன்னு அர்த்தம். பைப் ரொம்ப அழுகறது கிளிப்புக்கு அடியிலதான். அங்கதான் சேறு சிக்கி ஈரம் காயாம இருக்கும். மேலாக பாத்தா தெரியவே தெரியாது. அது மேல பெயின்ட் அடிக்கறது சொத்தைப் பல்லுக்கு வெள்ளையடிக்கற வேலை.

இதுல உள்பக்கத் துரு வேற. அந்தத் துகள் போய் ஃபில்டரை அடைக்கும். தப்பிப் போனது பம்ப்புக்குள்ள போகும். அந்த மாதிரி ரோட்டரி பம்ப்புக்கு எண்ணெய்யும் டீசல்தான், தனியா ஆயில் கிடையாது. டீசலுக்குப் பதிலா காத்தும் துருவும் குடுத்தா அது எத்தனை நாள் தாங்கும்? 9,000 குடுத்து சரி பண்ணின பம்ப்பை 250 ரூபா ஒட்டால சாகடிக்கற புத்திசாலித்தனம் இது.

"ஏசி மெக்கானிக்கிட்ட செப்பு பைப் வாங்கி வளைச்சுப் போடு, துருவே பிடிக்காது"

இது கொஞ்சம் விவரமானவங்க சொல்ற தப்பு. துரு பிடிக்காது, உண்மை. ஆனா செம்பு பட்டா டீசல் சீக்கிரம் கெட்டுப் போய் கோந்து மாதிரி கசடு கட்டும். அது ஃபில்டருக்கு ஆகாது. இன்னொண்ணு, செம்பு ஆட்டத்துல இறுகி இறுகி ஒரு நாள் விரிசல் விடும். கார்ல ஆட்டத்துக்குப் பஞ்சமா? செம்பும் நிக்கலும் கலந்த பைப்னு ஒண்ணு இருக்கு, அது நல்ல சரக்கு. ஃபிரிட்ஜ் செப்புப் பைப்பும் அதுவும் ஒண்ணு இல்ல. ரப்பர் ஓஸ் போடற இடத்துலயும் அப்படித்தான். எரிபொருளுக்குன்னே செஞ்ச ஓஸ்ல தரக் குறியீடு அச்சடிச்சிருக்கும். தண்ணி ஓஸைப் போட்டா டீசல் குடிச்சு ஊதிப்போய் நழுவிடும்.

இப்ப அந்த நவம்பர் காலை

250 ரூபா ஓஸ் போட்ட மூணாவது வாரம். ராத்திரி தூறல். காலையில ஆறரைக்கு வண்டிய எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டி தெருமுனையில திரும்பிப் போனேன். டீசல் வாடை லேசா அடிச்சுது. டீசல் கார்ல டீசல் வாடை அடிக்காம மல்லிப்பூ வாடையா அடிக்கும்னு போயிட்டேன்.

அரை மணி நேரத்துல வீட்லேர்ந்து போன். மாடி வீட்டு டீச்சர் ஸ்கூட்டியில தெருமுனையில திரும்பும்போது வழுக்கி விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. ரோட்டுல எங்க வீட்டு கேட்லேர்ந்து திருப்பம் வரைக்கும் வானவில் கலர்ல ஒரு கோடு.

நடந்தது இதுதான். டீசல் பைப் ரெண்டு இருக்கும். ஒண்ணு எஞ்சினுக்குப் போறது, இன்னொண்ணு மிச்சத்தை டேங்குக்குத் திருப்பி விடற ரிட்டர்ன் பைப். ரெண்டும் ஜோடியா ஒரே கிளிப்புலதான் ஓடும். முதல் பைப்பை வெட்டி ஓஸ் மாட்டினப்ப ரெண்டாவது பைப்பையும் பிடிச்சு ஆட்டியிருக்காங்க. துரு பிடிச்சு காகிதம் மாதிரி ஆயிருந்த பைப், கிளிப்புக்குப் பக்கத்துல விண்டிருச்சு. ரிட்டர்ன்ல உறியறது கிடையாது, டீசலை வெளிய தள்ளத்தான் செய்யும். எஞ்சின் ஓட ஓட சொட்டியிருக்கு. பெட்ரோல் கொட்டினா கொஞ்ச நேரத்துல ஆவியாப் போயிடும். டீசல் போகாது. தார் ரோட்டுல அப்படியே எண்ணெயா நிக்கும், மேல ஈரம் பட்டா கேக்கவே வேணாம். நாலு சக்கரத்துக்குத் தெரியாது. ரெண்டு சக்கரத்துக்குத்தான் எமன்.

ஆஸ்பத்திரியில போய் நின்னேன். "டீச்சர், அது என் வண்டி டீசல்தான்"னு சொன்னேன். அவங்க ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "தம்பி, முதல்ல போய் அந்த ரோட்டக் கழுவி விடுப்பா. எட்டு மணிக்கு பசங்க சைக்கிள்ல வருவாங்க"ன்னாங்க.

மணல் கொட்டி, சோப்புத்தூள் போட்டு, தென்னந்தொடப்பத்தால ஒரு மணி நேரம் தேய்ச்சேன். தேய்க்கும்போது ஒண்ணு புரிஞ்சுது. இவ்ளோ நாளா "என் வண்டி, என் காசு, என் இஷ்டம்"னு பேசினேனே, அந்தப் பைப் கசிஞ்சது என் ரோட்டுல இல்ல, எல்லார் ரோட்டுலயும். இந்தப் பதிவுல நான் திட்டறவங்க லிஸ்ட்ல முதல் பேர் என்னுது. ரெண்டாவதுதான் நீங்கல்லாம்.

"25 வருஷ வண்டிக்கு இதெல்லாம் தண்டச் செலவு, ஸ்கிராப்ல போடு"

அதான் கணக்கு இருக்கே. அந்த ரோட்டோர பெரியவர்கிட்டயே போய் நின்னேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டல மனுஷன். ஜி.பி. ரோட்டுல அலைஞ்சு, மேல பிளாஸ்டிக் பூச்சு போட்ட ஸ்டீல் பைப் 8 மி.மீ.ல ஒண்ணு, 6 மி.மீ.ல ஒண்ணு, புது கிளிப்புங்க, எரிபொருள் ஓஸ், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 2,900. கூலி 3,500. ஆக 6,400. முதல்லயே செஞ்சிருந்தா இதோட முடிஞ்சிருக்கும். இப்ப டீச்சரோட ஆஸ்பத்திரி செலவையும் நான்தான் குடுத்தேன். அதை வேணாம்னு அவங்க சொன்னது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

ஒன்றரை நாள் வேலை. முதல்ல பேட்டரி வயரைக் கழட்டினார். வண்டிய ஜாக்கியில மட்டும் நிறுத்தாம கீழ ஸ்டாண்டு குடுத்தார் (வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில படுக்கறவங்களுக்குத் தனிப் பதிவு போடணும்). பழைய பைப்பை உடைக்காம முழுசா உருவி, தரையில வச்சு அதே வளைவுல புதுசை வளைச்சார். முனையில வரப்பு எடுத்தார். எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்துல போகாம பழைய வழியிலயே கொண்டு போனார். இரும்புல உரசற இடத்துல ரப்பர் வச்சார். உள்ள காத்தடிச்சு தூசி போக்கினார். கடைசியா ஃபில்டர்ல இருக்கற ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அமுக்கி அமுக்கி, நுரை நின்னு சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் விட்டு இறுக்கினார்.

பம்ப்லேர்ந்து நாசிலுக்குப் போற தடிச்ச பைப்பை மட்டும் காட்டி, "எஞ்சின் ஓடும்போது இதுல கசிவு இருக்கான்னு விரல் வச்சுப் பாக்காதீங்க சார். தோலைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிடும்"னார். உண்மை. அந்தப் பிரஷர்ல டீசல் ஊசி மருந்து மாதிரி சதைக்குள்ள ஏறும். சின்னப் புள்ளியாத்தான் தெரியும், விரலையே எடுக்கற நிலைமைக்குக் கொண்டு போகும். அதுல ஒட்டு, வெல்டிங் எதுவும் கிடையாது. புதுசுதான்.

கழட்டின பழைய பைப்பைக் கையில எடுத்து லேசா வளைச்சேன். அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. இதுலதான் என் பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு இருந்தேன்.

அரசாங்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லாம விட முடியாது. 15 வருஷம் தாண்டின காரோட பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் 1-லேர்ந்து 5,000 ஆக்கினாங்க. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025-ல இன்னும் ஏத்தினாங்க. ஏத்துங்க, வேணாங்கல. ஆனா 2024-ல நான் புதுப்பிக்கப் போனப்ப சேசிஸ் நம்பர் பாத்தாங்க, லைட் பாத்தாங்க, பெயின்ட் பாத்தாங்க. அடியில குனிஞ்சு பைப்பைப் பாத்தவங்க யாரும் இல்ல. புகைச் சான்றிதழ்லயும் டீசல் வண்டிக்கு புகையோட அடர்த்தியத்தான் அளக்கறாங்க. பிரிட்டன்ல மூணு வருஷம் தாண்டின காரை வருஷா வருஷம் சோதிக்கறாங்க, எரிபொருள் பைப்பும் அந்தப் பட்டியல்ல உண்டு, கசிஞ்சா ஃபெயில். நம்மூர்ல வண்டிக்கு எத்தனை வயசுன்னு கேக்கறதோட சரி, அது எந்த நிலைமையில இருக்குன்னு கேக்கறதில்ல. வயசானதெல்லாம் ஆபத்தும் இல்ல, புதுசெல்லாம் பத்திரமும் இல்ல. பராமரிக்காததுதான் ஆபத்து.

பழைய வண்டிய வச்சிருக்கறது தப்பில்ல. அப்பா ஞாபகமா, காசு இல்லையா, ஆசையா, எதுவா வேணா இருக்கட்டும். ஆனா வச்சிருக்கறதுன்னா முழுசா வச்சிருக்கணும். பைப் மாத்த 6,400 இல்லைன்னா வண்டி நிக்கட்டும், தப்பில்ல. ஓட்டை வண்டிய ஒட்டு போட்டு ஓட்டி, அதுக்கான பாக்கிய தெருவுல போறவங்க மணிக்கட்டுல வசூல் பண்றதுதான் தப்பு.

டீச்சர் இப்ப மறுபடி ஸ்கூட்டி ஓட்டறாங்க. ஆனா அந்தத் திருப்பம் வந்தா இறங்கி தள்ளிக்கிட்டுப் போறாங்க. நான் பால்கனியில இருந்து தினமும் பாக்கறேன்.

பி.கு: இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டார்ச் எடுத்துக்கிட்டு உங்க வண்டிக்கு அடியில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க மக்களே. கிளிப்பு கிளிப்பா பாருங்க. பழைய பெட்ரோல் வண்டி வச்சிருக்கறவங்களும்தான், உங்களுக்கு இன்னும் அவசரம். பாத்துட்டு வந்து என்னைத் திட்டறதா இருந்தா திட்டுங்க :-)